நாம என்று சொன்னது

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் எல்லாரும் இதையே கேக்கறீங்க" என்று எரிந்து விழுவாய்.

திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் மலைப் பயணம் என்று ஆரம்பித்தேன், நீ பாடப்புத்தக வேலை என்று ஆரம்பித்தாய். கடைசியில், குக்கர் கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்குக் குக்கர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எழுதினால் நீ நடுவில் பேச முடியாது. குக்கரும் கத்தாது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலைக்கோயில் நடை மே மாதம் திறக்கிறார்கள். பனி விழ ஆரம்பித்தால் சாத்திவிடுவார்கள். முதல் வருடம் உனக்குத் தையல் ஆறவில்லை. போன வருடம் மழையில் பாதையே சரிந்து போயிற்று. இந்த வருடம் எந்தச் சாக்கும் கிடையாது. நீ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது நான் வேண்டிக்கொண்டது, இரண்டு பேரும் நடந்தே மேலே வருவதாக. குதிரை கூடாது, டோலி கூடாது.

சுற்றுலாக்காரரைப் போய்ப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஆயிடும்மா" என்கிறார். தங்க இடம்? ஆயிடும்மா. வழியில் டாக்டர்? ஆயிடும்மா. நீங்கள் இதற்குமுன் அந்த மலைக்குப் போயிருக்கிறீர்களா என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

மலையேறத் தகுதி உண்டு என்று உன் டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். நீயும் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

நான் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் படியேறித்தான் போகிறேன், தோளில் பையோடு. ரத்தம் எடுக்கிற பெண் தினமும் மாடி வளைவில் நின்று, "மேடம், லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது" என்கிறாள். ஓடட்டும்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று விட்டுப் போயிருக்கிறது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நாள் முழுவதும் மெய்ப்புப் பார்க்கிறவளுக்குக் கை சும்மா இருக்காது. நாற்பத்து நான்கு வயதில் என்னைக் குட்டி என்று எழுதுவதையும் திருத்தியிருப்பேன், அதற்கு எந்தக் குறி போடுவது என்று தெரியவில்லை.

குக்கர் உண்மையிலேயே கத்தியது.

பள்ளி திறப்பதற்குள் ஏழு வகுப்புகளின் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். கீழே இருக்கிற அட்டைப்பெட்டிக் கடையின் வாசனை இப்போது என் தலைமுடியில்கூட அடிக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கிறவர் வரி வரியாகப் படிக்கிறார், நான் சரிபார்க்கிறேன். நேற்று எரிமலையை எலிமலை என்று படித்துவிட்டுச் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போனார். மூன்றாவது முறையாகப் படிக்கிற புத்தகம் அல்லவா, அவருக்குச் சிரிப்பு வற்றிவிட்டது. மலை என்றால் இப்போது எனக்கு இதுதான்.

உன் பயணத்தைப் பற்றி வீட்டில் பேசினேன். "உங்க அக்கா சாமிகிட்ட கையெழுத்துப் போட்டா, நான் ஏன் லீவு போடணும்?" என்றார் இவர். உங்களை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். அதற்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் யோசித்துச் சொல்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. என் காலை வைத்து வேண்டிக்கொள்ள உனக்கு யார் சொன்னது? மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தால் யார் தலையைக் கொடுத்திருப்பாய்? அன்றைக்கு என்னதான் சொன்னாய், எந்த வார்த்தையில் சொன்னாய்? எனக்கு அப்படியே வேண்டும்.

தங்கை

*

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

சிவப்பு மை பார்த்தேன். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நீ இதைத்தான் செய்கிறாய், இப்போது சம்பளம் தருகிறார்கள்.

எனக்கு ஒற்று பெரிதாகத் தெரியவில்லை. உன் கடிதத்தில் வேறொன்று உறுத்தியது. "நாங்கள் யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். யோசிக்க வேண்டியது நீயும் நானும். கல்யாணமானதிலிருந்து உன் பேச்சில் இந்த நாங்கள் வந்துவிட்டது. நாங்கள் வீடு மாற்றுகிறோம், நாங்கள் இந்த முறை வரவில்லை, நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். குறை சொல்லவில்லை. உனக்குச் சொல்வதற்கு ஆள் இருக்கிறது, சொல்கிறாய். எனக்கு இந்த இரண்டு அறையில் நாங்கள் என்று சொல்ல யாரும் இல்லை. நாம் என்று சொல்ல நீ ஒருத்திதான்.

என்ன சொன்னேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

மூன்றாவது நாள் உனக்கு ஜுரம் இறங்கவில்லை. உள்ளே சீழ் வைத்துவிட்டது, மறுபடியும் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரர் ரத்தத்துக்கு அலையப் போயிருந்தார். நான் தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, அந்தக் கண்ணாடிக் கதவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காப்பி இயந்திரம் யாரும் காசு போடாமலே உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு மந்திரம், சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை. எப்போதோ காலண்டரில் பார்த்த அந்த மலைதான் கண்ணுக்கு முன் வந்தது. சொன்னேன்: "இவளை எழுப்பி விட்டுடு. நாம நடந்தே மலைக்கு வருவோம்."

அவ்வளவுதான். நீ எழுந்துவிட்டாய்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சுற்றுலாக்காரர், "தங்கச்சி படிவம் வரலியேம்மா" என்கிறார். ஆயிடும் என்று இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாங்கியிருக்கிற செருப்பு போதாது, நல்ல பூட்ஸ் வேண்டுமாம். உன் கால் அளவு எழுது. அம்மா நமக்கு ஒரே அளவில் எடுத்துவிட்டு, உனக்குப் பஞ்சு வைத்துக் கொடுப்பாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

படித்தேன். அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. எதிரே இருப்பவர், "என்னம்மா, ரொம்பத் தப்போ?" என்று கேட்டார்.

தப்புதான். நீ வேண்டிக்கொண்டதிலேயே தப்பு இருக்கிறது. சாமியிடம் பேசும்போது "நாங்க வருவோம்" என்றுதான் சொல்ல வேண்டும். "நாம வருவோம்" என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. நாலாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது, போன வாரம்தான் அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். அதாவது நீ, நான், அவர், மூன்று பேரும் நடந்தே மலைக்கு வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாய். அவர் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறார். இருக்கிற இடத்துக்கே அவர் எப்படி ஏறி வருவார்? முதலில் அவர் கீழே இறங்க வேண்டும். இறங்கட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை இந்த வேண்டுதல் செல்லாது.

இதை இவரிடம் சொன்னதும் அப்படிச் சிரித்தார். பிறகு, "எல்லாருமா சேர்ந்து ஹெலிகாப்டர்ல போயிட்டு வந்துடலாமே, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது" என்றார். நடந்து போகத்தான் வேண்டுதல் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. உன் கட்சியில் நின்று நான் வாதாட வேண்டியிருக்கிறது, பார்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. இந்த வருடம் வேண்டாம் அக்கா. புத்தக வேலை ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. என்னை யார் காப்பாற்றவில்லை, சொல். டாக்டர் காப்பாற்றினார், ரத்தம் கொடுத்தவர்கள் காப்பாற்றினார்கள், இவர் காப்பாற்றினார், இப்போது உன் சாமியும். எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். சும்மா படுத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

கால் அளவு எழுதவில்லை. வாங்கிவிடுவாய்.

தங்கை

*

மே 6

குட்டிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும், எங்கே ஒற்று வரும் என்று யோசித்தே நின்றுவிட்டது.

என் தமிழ் தப்பு. சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நீலம் பாய்ந்து கிடக்கும்போது, நாமவா நாங்களா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அங்கே உன்னைப்போல் படித்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. உன் வீட்டுக்காரர் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ எழுதி அனுப்பியிருக்கிறாயே.

செல்லாது என்று சொல்லிவிட்டாய். செல்லுமா செல்லாதா என்று அவரையே கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக் காலையில் நாங்கள் கிளம்புகிறோம். இலக்கணம் சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள். நானும் அவரும். இந்த நாங்களில் நீ இல்லை.

சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது. போனை எடுத்துப் போகவில்லை.

அக்கா

*

மே 12

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீ கிளம்பிப் போய் நாலு நாள் கழித்து. இதற்குத்தான் போன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அடித்துக்கொண்டே இருக்கிறது என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

சுற்றுலாக்காரரைப் பிடித்தேன். "அக்கா நல்லாப் போயிடுவாங்கம்மா" என்றார். எந்த வண்டி என்றால், ஆயிடும்மா. யார் துணை என்றால், ஆயிடும்மா. இந்த மனிதரிடமா நீ பிப்ரவரியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாய்? உனக்குப் பொறுமை இல்லை என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில், ஆய்வுக் கூடத்து மாடிப்படியில் ஏறிப் பழகிவிட்டு, தனியாக அந்த மலைக்கு யாராவது போவார்களா? நான் சொன்னது வேடிக்கைக்கு. பாதி வேடிக்கைக்கு.

மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். நீ திரும்பி வந்துதான் படிப்பாய் என்பதால் எழுத முடிகிறது. எனக்குப் பயம் அக்கா. உடம்பைத் திறந்து தைத்த பிறகு அது என்னுடையது மாதிரியே இல்லை. இரவல் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பது போல, எங்கே கிழியுமோ என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன். அலுவலகத்து மாடி ஏறியதும் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அந்த மலையில் பாதியில் நான் உட்கார்ந்துவிட்டால், உன் சாமி கொடுத்தது பாதிதான் என்று உனக்குத் தெரிந்துவிடும். அதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான் நாலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்தேன்.

இவர்கூட இப்போது சிரிக்கவில்லை. "நான் போய்ப் பாக்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வந்ததும் எழுது. எழுத வேண்டாம், பேசு. குக்கரை இறக்கி வைத்துவிடுகிறேன்.

தங்கை

*

மே 21

அன்புள்ள குட்டிக்கு,

வந்துவிட்டேன். கால் இரண்டும் என்னுடையது மாதிரி இல்லை, அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் உன் கடிதம் காலில் பட்டது. பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல், நின்றபடியே படித்தேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். குரல் சரியாக வராது, அதனால் எழுதுகிறேன்.

பஸ் ஒரு கடைத்தெருவோடு நின்றுவிடுகிறது. பிறகு நடைதான். பாதை முழுக்கக் குதிரைச் சாணமும் ஈரமும். எனக்கு முன்னால் போன ஒருவர் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, "இன்னும் கொஞ்சம்தான்" என்று தன் மனைவியை ஏமாற்றிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் கடைசியில், "நீங்க கொஞ்சம்னு சொன்னா நான் இனிமே உக்காந்துடுவேன்" என்று சொல்லி, சொன்னபடியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு போனவர் நல்ல மனிதர். முதல் நாள் தலை எண்ணும்போது, "தனியாவா வந்தீங்க?" என்றார். உன்மேல் இருந்த கோபத்தில், "இல்ல, நாங்க ரெண்டு பேரு" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொருத்தர் எங்கம்மா?" "மேல இருக்காரு." "அதுக்குள்ள ஏறிட்டாரா? பரவால்லியே, நல்ல உடம்பு" என்றார். அதன்பிறகு வழியெல்லாம், உங்க வீட்டுக்காரரைப் பாத்தாச்சா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்ததுதான் மிச்சம்.

இப்போது சொல்லப் போவதற்கு நீ என்னைத் திட்டுவாய்.

கடைசி வளைவில் கோயில் தெரிந்தது. சின்னதாக, கல்லோடு கல்லாக. மணிச் சத்தம் நன்றாகக் கேட்டது. மழை இல்லை, நடை சாத்தவில்லை, மூச்சு வாங்கியதே தவிரக் கால் நின்றுவிடவில்லை. எல்லோரும் வேகமாக ஏற ஆரம்பித்தார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவர் முன்னால் போய் நின்றதும் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"வந்துட்டோம்" என்று சொன்னால் பொய். "வந்துட்டேன்" என்று சொன்னால், "நீ யாரும்மா, என்கிட்ட அப்படி யாரும் வேண்டிக்கலையே" என்பார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. உன் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டிருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவு ஞாபகம் வந்தது. "எழுப்பி விட்டுடு" என்றது அவரிடம்தான். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே உன் விரல் அசைந்தது. நர்ஸ் போர்வையை இழுத்ததில் அசைந்ததோ என்னவோ. "நாம நடந்தே வருவோம்" என்றபோது நான் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை குட்டி. உன்னைப் பார்த்துச் சொன்னேன்.

எழுந்து, திரும்பிக் கீழே நடந்தேன். குழுக்காரர் ஓடிவந்து, "என்னம்மா, வாசல் வரைக்கும் வந்துட்டு?" என்றார். இன்னொருத்தர் வரவில்லை என்றேன். அவர் இதுவரைக்கும் மேலேதானே இருந்தார் என்று அந்த மனிதர் குழம்பியதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு வருடம் அலைந்து, கோயிலைக் கண்ணால் பார்த்துவிட்டு, கும்பிடாமல் வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ பாதியில் உட்கார்ந்தால் நான் பார்த்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். வாசலிலேயே உட்கார்ந்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

இனிமேல் நான் படிவம் அனுப்ப மாட்டேன். சுற்றுலாக்காரரிடம் போக மாட்டேன். உன்னைக் கேட்கவும் மாட்டேன். உன் பூட்ஸ் இங்கேதான் இருக்கிறது. அளவு தெரியாமல் என் அளவிலேயே வாங்கிவிட்டேன்.

அக்கா

*

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நாங்கள் வேலை செய்யும்போது, சரியாக இருக்கிற சொல்லைத் தப்பென்று அடித்துவிட்டால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவோம். அடித்தவளேதான் எழுத வேண்டும். உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து, "நாம"வுக்குக் கீழே புள்ளி வைத்துவிட்டேன்.

டாக்டரைப் பார்த்தேன். இரண்டு வருடமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். "தாராளமா ஏறுங்க, இறங்கறப்ப மட்டும் மெதுவா" என்றார். பிறகு, கூட வர்றவங்களுக்கு என்ன வயசு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அவங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். கோபித்துக்கொள்ளாதே, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

புத்தகமெல்லாம் அச்சுக்குப் போய்விட்டது. நடை சாத்த இன்னும் நாள் இருக்கிறது. சுற்றுலாக்காரரிடம் இனிமேல் நான் பேசுகிறேன். ஆயிடும்மா என்றால், எப்போது ஆகும் என்று கேட்கத் தெரிந்தவள் நான்.

உன் கடைசிக் கடிதத்தில் ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை நீ யோசிக்கவில்லை. கிளம்பும்போது, "நாங்கள் கிளம்புகிறோம், நானும் அவரும்" என்று எழுதினாய். அப்படியானால் அவர் முன்பே இறங்கி வந்து, உன்னோடு நடந்திருக்கிறார். வாசல் வரைக்கும் வந்துவிட்டு நீ திரும்பினாய். அவர் மட்டும் உள்ளே போயிருப்பாரா? உன் பின்னாலேயே இறங்கி வந்திருப்பார். இப்போது மேலே யாரும் இல்லை அக்கா. உன் வீட்டில்தான் எங்கேயாவது, அந்தப் பெட்டி பக்கத்தில் இருப்பார். பார்த்து, தடுக்கி விழுந்துவிடாதே.

சனிக்கிழமை வருகிறேன். நான் மட்டும். பூட்ஸுக்குள் வைக்கப் பஞ்சு எடுத்து வை.

அவரை அப்படியே விட்டுவிட முடியாது. நாம கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்.

குட்டி